அமுக்கியாச்சு... போய்ச் சேர்ந்துச்சா?

"தம்பி, இத அமுக்கிட்டேன். சரி. அவங்களுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், வலை பின்னிக்கொண்டே ஒருவர் எங்களைக் கேட்ட கேள்வி இது. என் வகுப்புத் தோழனுக்குச் சித்தப்பா. அதனால் நாங்கள் நாலு பேருமே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டோம். அவர் சாதாரணமாகக் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் பயனர் இடைமுக வடிவமைப்பு என்று ஒரு பேப்பர். ஏதாவது ஒரு மென்பொருளுக்குத் திரைகளை வடிவமைத்து, உண்மையான பயனர் ஒருவரிடம் காட்டிச் சோதித்துக்கொண்டு வரவேண்டும். எல்லாக் குழுக்களும் வழக்கம்போல சாப்பாடு ஆர்டர் செய்வது, ஹாஸ்டல் அறை ஒதுக்குவது என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் வடசென்னைக்காரர்கள் இல்லையா, கொஞ்சம் கெத்தாக, கடலில் ஆபத்தில் மாட்டும் மீனவருக்கான செயலி என்று எடுத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்களும் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் போனோம்.

கையில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஏ4 தாளை போன் அளவுக்கு வெட்டி அதில் திரைகளை வரைந்து வைத்திருந்தோம். எங்களில் ஒருவன்தான் கம்ப்யூட்டர். பயனர் தாளில் ஒரு பொத்தானைத் தொட்டால், கம்ப்யூட்டர் அவசர அவசரமாக அடுத்த தாளைத் தேடி எடுத்து வைப்பான். சிரிக்காதீர்கள், காகித மாதிரி என்று புத்தகத்திலேயே இருக்கிற முறை இது. ஒரு நாள் முழுக்க நிரல் எழுதி, பிறகு அது தப்பு என்று தெரிந்துகொள்வதைவிட, அரை மணி நேரம் தாளில் வரைந்து தப்பு என்று தெரிந்துகொள்வது மலிவு.

வண்ணம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தோம். பெரிய சிவப்பு வட்டம், நடுவில் 'உதவி'. எழுத்துரு பற்றி மட்டும் இரண்டு நாள் சண்டை. சித்தப்பா சிவப்பு வட்டத்தைத் தொட்டார். கம்ப்யூட்டர் அடுத்த தாளை வைத்தான். அதில் 'நன்றி! உங்கள் செய்தி அனுப்பப்பட்டது' என்று இருந்தது. அப்போதுதான் மேலே உள்ள கேள்வி வந்தது.

"அனுப்பப்பட்டதுன்னு போட்டிருக்கே சித்தப்பா" என்றான் தோழன்.

"அனுப்புனது நான்டா. அது எனக்கே தெரியும். எனக்கு நீ ஏன் சொல்ற?"

வகுப்பில் நாங்கள் படித்தது நினைவுக்கு வந்து கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. டொனால்ட் நார்மன் என்ற அறிவியலாளரை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1986ல் ஸ்டீபன் டிரேப்பருடன் சேர்ந்து அவர் தொகுத்த நூலால்தான் 'பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு' என்ற சொல்லே பரவியது. மனிதனுக்கும் கருவிக்கும் நடுவே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன என்பார். 'நான் நினைத்ததை இதில் எப்படிச் செய்வது' என்பது ஒன்று. 'நான் செய்தது நடந்ததா' என்பது இன்னொன்று. ஜேக்கப் நீல்சன் 1994ல் வெளியிட்ட பத்து விதிகளில் முதல் விதியும் இதேதான். கருவி தன் நிலையைப் பயனருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் திரை வரையும்போது நாலு பேரும் முதல் பள்ளத்தைத் தாண்டப் பாலம் கட்டுவதிலேயே மூழ்கிவிட்டோம். பொத்தான் எவ்வளவு பெரிது, என்ன நிறம், எங்கே வைப்பது என்று. இரண்டாவது பள்ளத்தில் சித்தப்பா விழுந்துகிடந்தார்.

என் கட்சி இதுதான். வடிவமைப்பு என்றால் பொத்தான் என்று நினைக்கிறோம். பொத்தானுக்கு வரும் பதில்தான் வடிவமைப்பில் கஷ்டமான பகுதி, காசு பிடிக்கும் பகுதி, கடைசியில் 'அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாம்' என்று விடப்படும் பகுதியும் அதுவே. இது எங்கள் வகுப்பு அசட்டுத்தனம் மட்டும் இல்லை. பெரிய இடங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

இஸ்ரோ மீனவர்களுக்காக ஒரு கருவி செய்தது. ஆபத்து எச்சரிக்கை அனுப்பி, சுருக்கமாக 'டாட்' என்பார்கள். 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நாடு முழுக்க 20,000க்கும் மேற்பட்ட கருவிகள் போயிருக்கின்றன. படகில் தீ, படகு மூழ்குகிறது, ஆள் கடலில் விழுந்துவிட்டார், மருத்துவ உதவி வேண்டும் என்று ஆபத்தின் வகையையும் சொல்ல முடியும். அமுக்கினால் படகின் அடையாளமும் இருக்கும் இடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் போகும். அப்படி ஒரு மையம் சென்னையிலேயே இருக்கிறது. நல்ல கருவி, உயிர் காக்கிற கருவி, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த முதல் தலைமுறைக் கருவிக்குத் திரும்பிப் பேசத் தெரியாது. நீங்கள் அமுக்குவீர்கள், அவ்வளவுதான். யாராவது கேட்டார்களா, கிளம்பிவிட்டார்களா என்பதெல்லாம் தெரியாது. இருட்டில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதை அமுக்குகிறார் என்று நினைத்துப்பாருங்கள். அடுத்து அவர் சில முடிவுகள் எடுக்கவேண்டும். படகிலேயே இருப்பதா, கேனைக் கட்டிக்கொண்டு குதிப்பதா? இருக்கிற டீசலைச் செலவழித்துக் கரைப்பக்கம் ஓட்டிப்பார்ப்பதா, தேடி வருபவர்களுக்காக நின்ற இடத்திலேயே நிற்பதா? இந்த முடிவுகள் எல்லாமே 'போய்ச் சேர்ந்ததா' என்ற ஒற்றைக் கேள்வியில் தொங்குகின்றன. பதில் ஒரு மரியாதைக்காக இல்லை. அடுத்த காரியத்தைத் தீர்மானிப்பதே அதுதான்.

இஸ்ரோவைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. செய்தி அனுப்ப மட்டும் செய்யும் கருவியைச் சின்னதாக, மலிவாகச் செய்யலாம். பதிலும் வாங்கவேண்டும் என்றால் கருவிக்குள் ஒரு வாங்கியும் வேண்டும், செயற்கைக்கோளில் அந்தத் திசைக்கும் வழி வேண்டும், பேட்டரியும் அதற்கேற்ப வேண்டும். பொறியாளர் பக்கம் நின்று பார்த்தால் முதலில் அனுப்புவதைச் செய்தது நியாயம்தான். கடைசியில் 2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ அறிவித்தபோது, அதன் முதல் சிறப்பாகச் சொன்னதே இதைத்தான்: உங்கள் அழைப்பு கிடைத்துவிட்டது என்று படகுக்குத் திரும்ப ஒப்புகை வரும். புளூடூத் வழியாகக் கைபேசியில் இணைத்து அவரவர் மொழியில் செய்தியைப் படிக்கலாம். புயல் எச்சரிக்கையும் இதே வழியாக வரும். 2010க்கும் 2024க்கும் நடுவே பதினாலு வருடம்.

நடுவில் இன்னொரு கருவியும் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அவர்களோ கிளம்பிப் பல நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. ஹைதராபாதில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அனுப்பும் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே வாங்கி, மீனவரின் கைபேசிக்குக் கொடுக்கும். ஆனால் இது வாங்க மட்டும்தான் செய்யும், இதிலிருந்து அனுப்ப முடியாது. ஆக ஒரு கருவிக்கு வாய் மட்டும், இன்னொன்றுக்குக் காது மட்டும் :-). இருவழியும் பேசக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

இதைக் கேட்டதும் 'அதெல்லாம் வன்பொருள், செயற்கைக்கோள் சமாச்சாரம், இதில் இடைமுகம் எங்கே வந்தது' என்று நண்பன் ஒருவன் சண்டைக்கு வந்தான். அவனுக்கு நான் சொன்ன பதில், காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார் என்பதுதான்.

மீன் விற்கும் அக்காக்களிடம் இப்போது க்யூ.ஆர். அட்டையும் பக்கத்தில் ஒரு சின்னப் பேசும் பெட்டியும் இருக்கின்றன. நீங்கள் போனில் காசு அனுப்பினால் 'இருநூறு ரூபாய் பெறப்பட்டது' என்று பெட்டி கத்தும். எனக்குத் தெரிந்து கடந்த சில வருடங்களில் இந்த நாட்டில் வந்த நல்ல இடைமுகங்களில் இது ஒன்று. ஏனென்று பாருங்கள். அக்காவின் இரண்டு கையிலும் மீன் செதில், ஐஸ் தண்ணீர். ஈரக் கையால் தொடுதிரையைத் தொட்டால் அது பேய் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். தவிர, அவருடைய கண் வஞ்சிரம் வெட்டும் கத்தி மேல் இருக்கவேண்டும், போன் மேல் இருந்தால் விரல் போய்விடும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்குப் பதிலைக் கொடுத்தார்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டி வருவதற்கு முன்னாலும் 'பணம் போய்விட்டது' என்று ஒரு பச்சை டிக் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது காசு கொடுத்தவரின் போனில் வந்தது. 'பாருங்க அக்கா, போயிடுச்சு' என்று அவர் தன் திரையை நீட்டிக் காட்டவேண்டும், அக்கா நம்பவேண்டும். பழைய ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி நண்டை அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு இது வசதி. அதாவது பதில் இருந்தது, ஆனால் தேவைப்பட்டவரிடம் இல்லை. பெட்டி செய்த வேலை, பதிலை அக்கா பக்கம் திருப்பி வைத்ததுதான். பயனர் யார் என்று சரியாகக் கண்டுபிடித்ததில்தான் இதன் வெற்றி. எங்கள் திரையில் வந்த 'அனுப்பப்பட்டது' இருக்கிறதே, அது இந்தப் பச்சை டிக்கின் ஒன்றுவிட்ட தம்பி.

வாக்குப்பதிவு இயந்திரத்திலும் இதே கதை உண்டு. அதன் உருவாக்கத்தில் நம் சுஜாதாவுக்குப் பங்கு இருந்தது எல்லோருக்கும் தெரியும், பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். பொத்தானை அமுக்கியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், பீப் என்று நீளமாகக் கத்தும். வெளியே வரிசையில் நிற்பவருக்குக்கூட 'ஒருத்தர் போட்டாச்சு' என்று தெரியும். அதுவும் போதாது என்று ஜனங்கள் கேட்டுக் கேட்டு, இப்போது கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி ஒரு சீட்டு தெரிகிறது. போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்குத்தான் அந்தச் சீட்டும்.

சரி, கடலுக்குத் திரும்புவோம். எனக்கு மிகவும் பிடித்த இடைமுகம் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. மென்பொருள் என்ற சொல் பிறக்கும் முன்பே, பிரிட்டிஷ் காலத்திலிருந்து இருப்பது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

'சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' ஐப்பசி கார்த்திகையில் இந்த வரியைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சின்ன வயதில் நான் நிஜமாகவே கிளிக்கூண்டு மாதிரி ஏதோ ஒன்றை மேலே ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் 1 என்றால் தூரத்தில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 2 என்றால் அது தூரத்தில் புயலாகியிருக்கிறது. 3, 4 இரண்டும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம் என்பதற்கு. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம்.

5, 6, 7க்கு என்ன வித்தியாசம் தெரியுமா? மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டுக் கடந்தால் 5. வலப்பக்கம் விட்டால் 6. துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகில் கடந்தால் 7. நம் வங்கக்கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரை கடந்தால் இங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், தெற்கே கடந்தால் கடலிலிருந்து நிலத்துக்கு. கயிற்றில் கட்டியிருக்கும் கப்பலை எந்தப் பக்கம் இன்னும் இறுக்கிக் கட்டுவது என்று மாலுமி முடிவு செய்ய இதுதான் தேவை. 'பலத்த புயல், ஜாக்கிரதை' என்று பொதுவாகப் பயமுறுத்தாமல், அந்த ஆள் அடுத்து எந்தக் கயிற்றைத் தொடப்போகிறார் என்று யோசித்து எண்ணைப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்!

அதைவிட அழகு, கடைசியில் இருக்கும் 11. இது 10ஐவிடப் பெரிய புயல் இல்லை. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கான அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதுதான் அதன் பொருள். அதாவது 'எங்களுக்கே தெரியவில்லை' என்று சொல்ல ஒரு தனிச் சின்னம்! தன் தோல்வியை உயரத்தில் ஏற்றிக் காட்டுகிற இடைமுகம். இன்றைக்கு நம் செயலிகளில் எத்தனை இதைச் செய்கின்றன? தொடர்பு அறுந்தால் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அல்லது நேற்றைய தகவலையே இன்றைய தகவல் போலக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அமைதியாக இருக்கிறது, ஆகவே ஆபத்து இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். அமைதிக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதை அந்தக் காலத்து ஆட்கள் புரிந்துகொண்டு, ஒன்றுக்கு மட்டும் கூண்டு செய்து வைத்தார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடவேண்டும். இந்த எண்கள் மாலுமிக்காகச் செய்தவை. டிவிக்காரர்கள் அதை அப்படியே எடுத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்கிறார்கள். 'கூண்டு எண் 3' என்று கேட்டு என் பாட்டி என்ன செய்ய முடியும், துணியை எடுத்து உள்ளே போடலாமா, இல்லை தண்டையார்பேட்டை அத்தை வீட்டுக்குக் கிளம்பவேண்டுமா? ஒருத்தருக்குப் பொன்னாக இருக்கும் இடைமுகம் இன்னொருத்தருக்கு வெறும் சத்தம்.

வீட்டில் இருப்பவர்கள் என்றதும் 2023 டிசம்பர் 26 இரவு ஞாபகம் வருகிறது. எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் அமோனியா குழாய் கசிந்து, ஜனங்கள் நள்ளிரவில் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். குழாயின் நிலையைக் காட்டும் மீட்டர் எல்லாம் இந்த மாதிரி ஆலைகளில் கட்டுப்பாட்டு அறைக்குள் இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு அன்று மீட்டர் மூக்குதான். ஆலைக்குள் வேலை செய்பவர் ஒரு பயனர் என்றால், மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குகிறவரும் பயனர்தானே? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எத்தனை ஆலை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்வி சும்மா கேட்பது இல்லை என்று புரியும்.

ஊருக்குச் சொல்வதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டும் என்றும் இல்லை. 1990களின் கடைசியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கக் கிராமங்களில் தகவல் மையங்களை வைத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று பார்த்து, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொடாமலேயே ஊர் முழுக்க அதைப் பயன்படுத்தியது. 2004 டிசம்பர் 26 காலை, அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தொலைபேசியில் சொன்னார். மையத்தின் கதவை உடைத்து, அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். தினமும் அலை உயரம் சொல்லிக்கொண்டிருந்த குரல் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் அவசரத்தில் கை அங்கே போனது. வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்கும் செயலிக்கு இது நடக்காது.

இதையெல்லாம் பேசும்போது வகுப்பில் ஒருத்தர் சொன்னார், 'மீனவர்களுக்குப் படிப்பு கம்மி, அதனால படமா போட்டுடுங்க, எழுத்தே வேண்டாம்' என்று. எனக்குச் சுருக்கென்றது. சித்தப்பாவின் படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது, ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. அதன் மெனு எல்லாம் ஆங்கிலம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இயக்குகிறார், வேலைக்கு உதவுகிறது என்பதால் கற்றுக்கொண்டார். பிரச்சினை எழுத்து இல்லை, யாருடைய எழுத்து என்பதுதான். இன்காய்ஸ் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்பு அருமையான விஷயம். கடல்மட்ட வெப்பத்தையும் பாசிப் பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்த்து, மீன் எங்கே கூடும் என்று சொல்கிறது. ஆனால் ஆழம் மீட்டரில் இருக்கும். சித்தப்பாவுக்கு ஆழம் என்றால் பாகம், இரண்டு கையையும் அகல விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய 6 அடி. திசை நமக்கு டிகிரி, அவருக்கு வாடை, கொண்டல், கச்சான். மீட்டரைப் பாகமாக மாற்றுவது நிரலில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை நாம் எழுதாமல், அவர் தலைக்குள் தினமும் எழுதவைக்கிறோம்.

இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்கள் தரையிறங்கியபின் வயிறு தேய்ந்து விழுந்தன. விமானிகள் அஜாக்கிரதை என்று முதலில் சொன்னார்கள். அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், சக்கரத்துக்கும் இறக்கைத் தட்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி கைப்பிடி. ஒன்றில் சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டினார். விமானிகள் திடீரென்று ஜாக்கிரதை ஆகிவிட்டார்கள். 'பயனருக்குப் படிப்பு கம்மி' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைப்பிடிதான் ஞாபகம் வருகிறது.

தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனோம். இந்த முறை எங்கள் தாள்கள் மாறியிருந்தன. சிவப்பு வட்டம் அப்படியேதான் இருந்தது, அதை யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பின்னால் வரும் தாள்கள்தான் ஒன்றிலிருந்து நாலு ஆகியிருந்தன. கைபேசிச் சிக்னலை நம்பாமல், பதில் வாங்கத் தெரிந்த செயற்கைக்கோள் கருவியோடு இணைகிறது என்று வைத்துக்கொண்டோம். அமுக்கியதும் 'அனுப்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை'. பதில் வந்ததும் போன் நீளமாக அதிர்ந்து, சத்தமாகக் குரலில் 'கிடைத்துவிட்டது'. வராவிட்டால் 'பதில் இல்லை, மறுபடி அனுப்புகிறது'. கருவியோடு தொடர்பே அறுந்தால் அதற்குத் தனித் தாள். அந்தத் தாளின் மூலையில் நாங்கள் பெருமையாக 11 என்று எழுதி வைத்திருந்தோம், எங்கள் நாலு பேருக்கு மட்டும் புரியும் ஜோக் :-)

சித்தப்பா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, ஈர விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு சிவப்பு வட்டத்தைத் தொட்டார். கம்ப்யூட்டர் முதல் தாளை வைத்தான். அவர் படித்தார். நாங்கள் வேண்டுமென்றே இருபது எண்ணும் வரை காத்திருந்தோம். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொரு தடவை அமுக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டர் அடுத்த தாளை வைத்து, தன் குரலிலேயே கனமாகச் சொன்னான்: "கிடைத்துவிட்டது."

சித்தப்பா தலையாட்டினார். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அப்புறம் தாளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"யாருக்குடா கிடைச்சுது?"